ராபர்ட்ஸுக்கு நினைவில்லை

ஹாரி பாட்டர் நாவல்களில் என்னை விடாமல் துரத்துகிறவர் ராபர்ட்ஸ். நான்காவது புத்தகத்தில் வரும் முகாம் மேலாளர். மந்திரம் தெரியாத சாதாரண மனுஷன். உலகக் கோப்பை பார்க்க வந்த மந்திரவாதிகள் அவருடைய முகாமில் தங்குகிறார்கள். சந்தேகப்பட்டு ஏதாவது கேட்டால் உடனே நினைவை அழித்துவிடுகிறார்கள், ஒரு நாளைக்குப் பத்து தடவை. அன்று இரவு முகமூடிக் கும்பல் ஒன்று அவரையும் மனைவி பிள்ளைகளையும் ஆகாயத்தில் தொங்கவிட்டு விளையாடுகிறது. காலையில், ஆகஸ்டு மாதத்தில், கிறிஸ்துமஸ் வாழ்த்து சொல்லி எல்லாரையும் வழியனுப்புகிறார். நியாயம் கேட்க அவரிடம் நினைவே இல்லை.

அந்த உலகின் இரகசியச் சட்டம் 1692இல் அமலானதாகக் கதை. சூனியக்காரர்கள் என்று வேட்டையாடப்பட்டவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளப் போட்டது. காரணம் நியாயம்தான். ஆனால் உள்ளே பாருங்கள்: வீட்டு எல்ஃபுகளுக்குச் சம்பளம் கிடையாது, எஜமானின் இரகசியத்தைக் காப்பதும் அந்த அடிமை வேலையில் சேர்த்தி. காப்லின்கள் மந்திரக்கோல் வைத்திருக்கக் கூடாது. வெளியாளுக்குப் பயந்து கட்டிய சுவர், உள்ளே நடப்பதை மறைக்கவும் வசதியாகிவிட்டது.

கெலாங் பாத்தாவில் உட்கார்ந்து படிக்கும்போது இது எனக்கு இங்கிலாந்துக் கதையாகத் தெரியவில்லை. நம்மிடமும் 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் இருக்கிறது. ஓர் ஆவணம் இரகசியம் என்று சான்று கொடுத்துவிட்டால், நீதிமன்றம்கூட அதைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது 16ஏ பிரிவு. 1986 திருத்தத்துக்குப் பிறகு குற்றவாளிக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறை. 2016இல் 1எம்டிபி தணிக்கை அறிக்கை இந்தச் சட்டத்துக்குள் பூட்டப்பட்டது. அதன் ஒரு பக்கத்தை வெளியே காட்டிய ரஃபிசி ரம்லிக்கு அதே வருஷம் 18 மாதச் சிறைத் தீர்ப்பு வந்தது. 2018இல் ஆட்சி மாறியதும் அறிக்கை திறக்கப்பட்டது. இடையில் கடன் மட்டும் நம் தலையில்தான் இருந்தது. கணக்குதான் நம் கண்ணில் படவில்லை.

நான் பொறியாளர். இயந்திர வரைபடத்தைப் போட்டியாளரிடமிருந்து மறைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இயந்திரத்தில் கை மாட்டியவனிடமிருந்தே விபத்து அறிக்கையை மறைத்தால் அதுவும் இரகசியக் காப்பா? இரண்டுக்கும் ஒரே முத்திரை குத்துவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் பெறும் உரிமைக்கு மாநிலச் சட்டம் இருக்கிறது. ஜொகூரில் இல்லை. கேட்டால், மக்கள் யாரும் கேட்கவில்லையே என்று சொல்லிவிடலாம். ராபர்ட்ஸும்தான் எதுவும் கேட்கவில்லை.