பாட்டிக்கு வாசித்த சங்கீதம்

சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில், ஞாயிறு ஆராதனையில் கித்தார் வாசிக்கும் வாலிபன் ஒருவன். பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிப்டு முடிந்து தூக்கக் கண்ணோடு வந்தாலும் ஆராதனையைத் தவறவிட மாட்டான்.

அவன் தாத்தா தவறியபோது, துக்க வீட்டு ஜெபத்தில் 23-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார்கள். வேதாகமத்தை விரித்தவன் அப்படியே நின்றுவிட்டான். மலாய்ப் பள்ளியில் படித்தவன். தமிழ் எழுத்து தெரியாது. பாட்டுகளையெல்லாம் ரோமன் எழுத்தில் எழுதி வைத்தே பாடி வந்திருக்கிறான்.

நான் வாங்கி வாசித்து முடித்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். "தமிழ்ப் பையனுக்குத் தமிழ் தெரியவில்லையே!" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். வாத்தியார் வாய்! அவன் தலை கவிழ்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுவாரம் அவனே வீட்டுக்கு வந்தான். "சார், எழுத்து சொல்லித் தருவீங்களா?"

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சீகன்பால்கு ஐயரின் கதையைச் சொன்னேன். 1706-இல் ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்தவர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவருக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

ஆறு மாதம் ஓடியது. ஒரு மாலை, பாட்டியின் காலடியில் உட்கார்ந்து அதே சங்கீதத்தை எழுத்துக் கூட்டி வாசித்தான். ஆறே வசனம். நடுவில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டான். பாட்டி உடனே திருத்தினார். கைநாட்டுப் பாட்டிதான்! காதால் கேட்டே மனப்பாடம்.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஏசாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, நாளுக்கு ஒரு வசனம் சொல்லிக் கொடுங்கள். திருத்துவதற்குப் பாட்டி இருக்கும்போதே.