சிகந்தராபாத்துக் குளிரும் சிற்றறைக் கணப்பும்

சென்னையிலிருந்து மாற்றலாகி வரும் நம்மவர்க்குச் சிகந்தராபாத்தின் மார்கழி இரவு புதியது. கடல்மட்டத்திற்கு 500 மீட்டருக்கும் மேல் உயர்ந்த தக்காண மேட்டுநிலம் அன்றோ! பகலெல்லாம் மௌலா அலிக் குன்றில் வெயில் காயும்; நள்ளிரவு கடந்தால் கால்விரல் மரத்துப்போகும்.

எம் படுக்கையறை பத்தடிக்குப் பத்தடி. முதலாண்டு, கைக்குழந்தைக்காகச் சட்டியில் கரி மூட்டிக் கதவடைத்துப் படுத்தோம். விடியுமுன் தலை சுற்றுகிறதென்று என் மனைவி தள்ளாடி எழுந்து கதவைத் திறந்தாள். அதனாலேயே இன்று இதனை எழுதுகிறேன். கனலும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லவல்லது. சுடரின்றி எரியும் வாயுக் கணப்பாயினும் காற்றோட்டம் வேண்டும்.

பின்னர் மின்கணப்பு வாங்கச் சென்றேன். கடைக்காரர் 2000 வாட் பெரியதையே புகழ்ந்தார். அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும்; எம் அறையில் இருந்ததோ 6 ஆம்பியர். மேலும் அது மணிக்கு இரண்டு யூனிட் விழுங்கும். குமாஸ்தாவின் சம்பளம் தாங்குமா? 400, 800 என இரு நிலையுள்ள சிறியதே கொண்டேன். படுக்குமுன் ஒரு மணிநேரம் எரித்து அணைத்துவிடுகிறோம். சன்னலும் இரண்டு விரற்கடை திறந்தே இருக்கும். அவ்வழியே குளிர் வருகிறதென்று என் அன்னையார் முணுமுணுப்பது தனிக்கதை.