காயல்பட்டினத்தில் ஒரு கலியாணம்



ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய கடமைகளில் விருந்தழைப்பை ஏற்பதும் ஒன்று. அழைப்பு அடுத்த தெருவிலிருந்து வந்தாலும் கடல் கடந்து வந்தாலும் அந்தக் கடமை மாறுவதில்லை. கொழும்பில் நீண்ட காலம் வியாபாரம் செய்து, பின்னர் ஊர் திரும்பிவிட்ட என் காயல்பட்டினத்து நண்பர், தமது மூத்த மகளின் நிகாஹ்வுக்கு வரவேண்டுமென்று எழுதியபோது மறுக்க மனம் வரவில்லை. மத்ரஸா விடுமுறையும் கூடிவந்தது. அந்தப் பயணத்தில் கண்டவற்றில் உங்களோடு பேசவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது நகையைப் பற்றியதோ சாப்பாட்டைப் பற்றியதோ அல்ல, வீட்டைப் பற்றியது.

நம் முன்னோருக்கு இந்தப் பயணம் கப்பல் பயணம். 1984ஆம் ஆண்டு வரை தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. 2011இல் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தொடங்கிய கப்பல் சேவை அந்த ஆண்டிலேயே நின்றுபோனது. நான் கொழும்பிலிருந்து விமானத்தில் மதுரைக்குப் போனேன். சுமார் ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து தரை வழியாகத் தெற்கே போக அதைவிடப் பல மடங்கு நேரம் பிடித்தது.

காயல்பட்டினம் தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்கு அண்மையில், கடலோரத்தில் இருக்கிறது. அந்த ஊரின் பெயர் நமக்குப் புதியதல்ல. 1884இல் வெலிகமையில் மத்ரஸதுல் பாரி என்ற அரபுக் கல்லூரி உருவாகக் காரணமாயிருந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள், 1816இல் பிறந்தது அங்கேதான். அரபு எழுத்திலே தமிழை எழுதி நம் பாட்டிமாருக்கு மார்க்கம் சொல்லிக் கொடுத்த அரபுத் தமிழ் மரபில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே காயலுக்குள் நுழைந்தபோது, அந்நிய நாட்டுக்கு வந்த எண்ணமே எனக்கு ஏற்படவில்லை. ‘உம்மா’, ‘வாப்பா’, ‘காக்கா’ என்ற குரல்கள் காதில் விழுந்தபோது, நம் கிழக்கு மாகாணத்து ஊரொன்றில் நிற்பதாகவே தோன்றியது.

அந்த ஊரின் அமைப்பே பெண்களை மனதில் வைத்துச் செய்தது போலிருக்கிறது. வீடுகள் நீளமானவை. முன்வாசல் ஆண்களுக்கு, பின்வாசல் பெண்களுக்கு. வீடுகளின் பின்புறமாக ஓடும் ஒடுக்கமான சந்துகளை ‘முடுக்கு’ என்கிறார்கள். பெண்கள் அந்த வழியாகவே தாய்வீட்டுக்கும் சாச்சி வீட்டுக்கும் போய்வருகிறார்கள். பெண்கள் கூடித் தொழவும் ஓதவும் தனியாகத் தைக்காக்களும் உண்டு.

நிகாஹ்வும் விருந்தும் சிறப்பாக நடந்தன. ஒரு சஹனுக்கு இருவராக அமர்ந்து நெய்ச்சோறும் களறிக் கறியும் கத்தரிக்காய் மாங்காயும் சாப்பிட்டோம். ஆனால், நான் கவனித்தது வேறொன்று. கலியாண வீட்டில் மணப்பெண்ணின் தாய் அழவில்லை. கண் கலங்கி நின்றது மாப்பிள்ளையின் தாய்தான்! ஏனென்றால், அங்கே பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணுக்குரியது.

கிழக்கிலே வாழும் சகோதரிகள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். நம்மூர் வழக்கமும் அதுதானே! தலைமகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளோடு வேறு வீட்டுக்கு நகர்வதை நாம் பார்த்து வளர்ந்தவர்கள். அமெரிக்க மானிடவியலாளரான டெனிஸ் மெக்கில்வ்ரே என்பவர் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட பெரிய நூலில், இந்த வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். நம் பகுதியில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இது பொதுவாக உள்ளது.

இந்த வழக்கத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. கணவன் கோபித்துக்கொண்டால் பெண் தெருவில் நிற்கவேண்டியதில்லை. பிரசவம், நோய், விதவைக் கோலம் எது வந்தாலும் உம்மாவும் சகோதரிகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். இதை யாரும் இலேசாக எண்ணக் கூடாது.

ஆனால், அதே வீட்டில் நண்பரின் வயோதிபத் தாயார் சொன்ன வார்த்தை என்னைச் சிந்திக்க வைத்தது. “ஆலிம்சா, இந்த வீடு என் பேர்லதான் இருக்கு. ஆனா இதக் கட்டுன எங்க வாப்பா, இந்தத் திண்ணையில நூறு ராத்திரிகூடப் படுத்திருக்க மாட்டாங்க. கொழும்புக்குப் போனாங்க, கடுதாசிதான் வந்துச்சு” என்றார்கள்.

அந்தத் தாயின் மகனும் அப்படியே வாழ்ந்தார். அவருக்கு மூன்று பெண்மக்கள், மூன்று வீடுகள். மூன்றாவது வீடு இன்னும் அஸ்திவாரத்தோடு நிற்கிறது. வீடு கட்டுவதற்காக வீட்டைப் பிரிந்து வாழ்ந்த தகப்பன்மாரின் கதை அது. நம் பக்கத்தில் இந்தக் கதை இன்னும் கசப்பானது. மகளுக்கு வீடு வேண்டுமென்று தாயே சவூதிக்கும் குவைத்துக்கும் பணிப்பெண்ணாகப் போய்விடுகிறாள். சுவர் எழும்புகிறது, பிள்ளையோ தாயின் மடி அறியாமல் வளர்கிறது.

சகோதரிகளே, தகப்பன் மனமுவந்து மகளுக்குக் கொடுப்பது அன்பளிப்பு. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குவது சுமை. இரண்டுக்கும் வீடு என்றுதான் பெயர். ஆனால், இரண்டும் ஒன்றல்ல. திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 4ஆம் வசனம், பெண்களுக்குரிய மஹரை மனமுவந்து கொடுத்துவிடும்படி ஆண்களை ஏவுகிறது. கொடுக்கவேண்டியவன் ஆண். இன்று கொடுக்கவேண்டியவன் கேட்கிறான். வாங்கவேண்டியவளின் வாப்பா கடன்படுகிறார்.

கொடுத்ததும் பெண்ணின் கைக்குத்தான் போகிறதா என்று பார்க்கவேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல்கோள் நம் கரையோர ஊர்களை அழித்தபின் கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகளில் பல, ‘குடும்பத் தலைவர்’ என்று கணவனின் பெயரிலேயே எழுதப்பட்டன. சீதனமாகப் பெற்ற வீட்டைக் கடலுக்குக் கொடுத்த பெண், புது வீட்டில் உரிமையற்றவளானாள். ஆகவே, மகளுக்கென்று கொடுக்கும் வீட்டுக்கு நொத்தாரிசைக் கொண்டு மகளின் பெயரிலேயே உறுதி எழுதுங்கள். மாப்பிள்ளையின் கையில் மணமகளுக்காகக் கொடுக்கும் பணமும் நகையும் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் ‘கைக்கூலி’ எனப்படும். அதனை மஹரோடு சேர்த்து விவாகப் பதிவில் எழுதிவைத்தால், பின்னொரு நாள் காதி நீதிமன்றத்தில் கேட்டுப் பெற வழியிருக்கிறது. வெட்கப்பட்டு எழுதாமல் விட்டால், அந்த வெட்கத்துக்கு மகள்தான் விலை கொடுப்பாள்.

பயணத்தின் தேவை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புமாறும், அறிவிக்காமல் இரவில் போய்க் கதவைத் தட்டவேண்டாமென்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். வீட்டிலிருக்கும் பெண்ணின் சங்கடத்தையும் எண்ணிப் பார்த்த மார்க்கம் இது. கட்டுநாயக்காவிலிருந்தே வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டேன். இரவு பஸ் சுபஹ் வேளையில் ஊர் சேர்ந்தது. பள்ளியில் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. அந்த வாசலும் என் மாமனார் என் மனைவிக்குக் கொடுத்ததுதான்.

தேநீர் குடிக்கும்போது மனைவி பெண்ணின் உடுப்பைப் பற்றியும் விருந்தைப் பற்றியும் விசாரித்தாள். பதினான்கு வயதான என் மகள் மட்டும் வேறு கேள்வி கேட்டாள்: “வாப்பா, அந்த மாப்பிள்ள அவக்கு என்ன குடுத்தாரு?”

மஹராகப் பொன் கொடுத்தாரென்றும், அதைத் தன் சம்பளத்தில் சேர்த்தாரென்றும் சொன்னேன். “அப்ப நல்ல மாப்பிள்ளதான்” என்றாள். பெண் என்ன கொண்டுபோகிறாள் என்று கேட்கும் ஊரில், மாப்பிள்ளை என்ன கொடுத்தார் என்று ஒரு பிள்ளை கேட்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

இனி நான் பேசுவது ஆண்பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரிடம். சம்பந்தம் பேசப் போகும்போது “வீடு எத்தனை அறை?” என்று முதலில் கேட்பது பெரும்பாலும் நீங்கள்தான். உங்கள் வாப்பா உங்களுக்காக வெளியூரில் கழித்த இரவுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதன்பிறகு அந்தக் கேள்வி உங்கள் நாவில் வராது. மகனிடம், “நீ என்ன மஹர் கொடுக்கப் போகிறாய்?” என்று கேளுங்கள். பெண் வீட்டார் மகிழ்ந்து கொடுத்தால் அது அவர்கள் மகளுக்குரியதென்று அவனுக்குச் சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளை, கட்டியவர்களும் சேர்ந்திருந்து வாழும் வீடுகளாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.