ஒரு முங்கு

தாராவியின் இட்லி வியாபாரிகளுக்கு வார விடுமுறை கிடையாது. முந்தின நாளே மாவரைத்து, விடியும் முன் அவித்து, வேலைக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்குள் தெருவில் நிற்க வேண்டும். அப்படி முப்பது வருடம் நின்ற ஒரு நெல்லைத் தம்பதியை டேராடூனுக்கு அழைத்துப்போகத் திட்டமிடுகிறான் செம்பூரில் வேலை பார்க்கும் மகன். ரயிலென்றால் போகவே ஒரு நாளுக்கு மேல். ஆகவே சனி காலை விமானத்தில் போய், ஞாயிறு மாலை திரும்ப வேண்டும்.

அவன் பட்டியல் நீளமானது: சகஸ்ரதாரா, 1929இல் திறக்கப்பட்ட வன ஆராய்ச்சி நிலையக் கட்டடம், முசூரி, ரிஷிகேஷ். டேராடூனிலிருந்து முசூரி 35 கி.மீ.தான். ஆனால் வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. சனி, ஞாயிறுகளில் கார்கள் நெரியும். விமான நிலையம் இருக்கும் ஜாலி கிராண்டிலிருந்து டேராடூனைவிட ரிஷிகேஷ்தான் பக்கம்.

"மலை எங்க போயிரப் போவுது? கங்கையில ஒரு முங்கு போட்டாப் போதும்ல" என்கிறாள் தாய். முசூரியை அடித்துவிட்டான்.

தந்தையின் கவலை வேறு. திங்கட்கிழமை மாவு. இரண்டு நாள் வராததை வாடிக்கைக்காரர்கள் பொறுப்பார்கள். மூன்றாம் நாள் வேறு இட்லிக்காரரிடம் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அரைத்துவைக்கப் பக்கத்து வீட்டார் ஒப்புக்கொண்ட பிறகுதான் டிக்கெட் எடுக்கச் சம்மதித்தார். திரும்பும் விமானம் தாமதமானால் மாவு புளித்துவிடாதா என்று அவர் கேட்டதற்கு மட்டும் மகனிடம் பதிலில்லை.