ஹைதர் வெட்டிய வழி

சிதம்பரத்தில் கோபுரத்தைவிட உயரமாக எதுவும் கிடையாது. அதனால் பூகோளப் பாடத்தில் கைபர், போலன் கணவாய்களை மனப்பாடம் செய்தபோதெல்லாம் என் கண்ணில் வந்து நின்றவை பரங்கிப்பேட்டை அத்தை வீட்டுக்கு வடக்கே, புதுக்குப்பத்துப் பக்கம் கிடந்த மணல்மேடுகள்தான். கோடை விடுமுறை விட்டதும் பஸ் பு.முட்லூரில் கடலூர்ச் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பும். அப்போதே உப்புக்காற்று முகத்தில் அடிக்கும்.

பத்து மணிக்கு மேல் அந்த மணலில் கால் வைக்க முடியாது. அடப்பங்கொடி படர்ந்த இடமாகப் பார்த்துத் தாவித் தாவிப் போவோம். கடல் பக்கம் சரிவு நிதானமாக ஏறும். காற்று மணலைத் தள்ளிக்கொண்டு வந்து உச்சியில் கொட்டிவிடுவதால் மேற்குப் பக்கம் செங்குத்து, கால் வைத்தால் பொலபொலவென்று சரியும். உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்குவோம். ராவணன் மீசைப் பந்துகள் காற்றில் உருண்டோடும். பிடித்தால் குத்தும், விடவும் மனசு வராது.

இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்தது. மாட்டு வண்டி சக்கரம் புதையாமல் போகக்கூடிய இடம் அது ஒன்றுதான். “இதுதாண்டா ஹைதர் வெட்டுன வழி” என்று மாமா அடித்துச் சொல்வார். இருநூறு வருஷம் மணல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்குமா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

1781 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் எங்கள் ஊர்க் கோயிலைத் தாக்கினார். அன்று அந்த மதில்தான் கோட்டை, உள்ளே மைசூர் ஹைதர் அலியின் படை. பிடிக்க முடியாமல் பரங்கிப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். ஹைதர் வேகமாக வந்து கடலூர்ச் சாலையை மறித்துப் பீரங்கி மேடைகள் போட்டுவிட்டார். ஜூலை 1 அன்று கூட்டிடம் இருந்தது சுமார் 8,000 பேர். எதிரே அதைப்போலப் பல மடங்கு. நேரே போனால் பீரங்கி வாய். கடலோரமாகச் சுற்றலாம் என்றால் மணல்மேடுகள், பீரங்கியை இழுக்கும் மாடுகள் அதில் என்ன செய்யும்? ஆனால் மேடுகளை ஊடறுத்து ஒரு பாதை கிடந்தது. தங்கள் பீரங்கிகளுக்காக ஹைதரின் ஆட்கள் வெட்டியது. கூட் அதற்குள் புகுந்து பக்கவாட்டில் வந்து நின்றார். கரையோரம் நின்ற கப்பலும் சேர்ந்து சுட்டது. மாலைக்குள் ஹைதர் விலக வேண்டியதாயிற்று.

பள்ளிப் பாடத்தில் கூட்டின் வெற்றி ஒரு வரியில் முடிந்துவிடும். ராத்திரியெல்லாம் மண்வெட்டி பிடித்தவர்களைப் பற்றி மாமா மட்டும்தான் பேசினார். இப்போதும் எனக்கு அவர் கணக்கே சரியென்று படுகிறது.

யார் ஹைதராக இருப்பது என்று எங்களுக்குள் தினமும் சண்டை. தோற்றவன் கூட். அத்தையின் கடைசிப் பையன்தான் கப்பல், முழங்கால் அலையில் நின்று ‘டமால் டமால்’ என்று கத்த வேண்டும். இடைவெளிக்குள் கூட் நுழைந்ததுமே இரண்டு பக்கத்திலிருந்தும் மணலைச் சரித்துவிடுவோம். எங்கள் கூட் ஒருநாளும் கடலூர் போய்ச் சேர்ந்ததில்லை.