மண்டாயில் ஒரு பகல் (சிங்கப்பூர்ப் பயணம் - 5)

நாலு வாரமாகக் கோயில், கடைத்தெரு, கோபுரம் என்று எழுதியதில் சிங்கப்பூர் எனக்குச் சற்று அலுத்திருந்தது. அந்த அலுப்பைப் போக்கியது மண்டாய் மிருகக்காட்சிசாலை.

காத்திப் ரயில் நிலையத்தில் இறங்கிப் பஸ் பிடித்தால், கொஞ்ச நேரத்தில் இரு பக்கமும் மரங்கள் அடர்ந்துவிடுகின்றன. நீர்த்தேக்கத்தின் கரையில் 1973-இல் திறந்த இடம் இது. விலங்குக்கும் நமக்கும் நடுவே பெரும்பாலும் அகழிதான்; அதையும் செடிகொடிகளால் மறைத்துவிட்டார்கள். எத்தியோப்பியாவின் பாறைச் சரிவைப் போல் அமைத்த மேட்டில் பபூன்கள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. வழியில் ஒரு காகிதத் துண்டுகூடக் கிடக்கவில்லை. இந்த ஒன்றை நாம் கற்றுக்கொள்ளப் பணம் தேவையில்லை.

ஃபிராஜைல் ஃபாரஸ்ட் என்ற வலைக்கூடாரத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். மழைக்காடு. சருகுமான் ஒன்று என் செருப்பைக் கடந்து போனது. தலைக்கு ஓரடி மேலே ஒரு பழந்தின்னி வௌவால் தலைகீழாகத் தொங்கிப் பப்பாளி தின்றது. நான் குனிந்தேன்.

“பயப்படாதீங்க தம்பி, அது பழந்தான் தின்னும்” என்றது ஒரு குரல். பேரனோடு வந்திருந்த அம்மா, சிங்கப்பூரிலேயே பிறந்தவர். இந்த இடம் திறந்தபோது அவருக்குப் பத்து வயதாம். வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்து, டப்பாவைத் திறந்து, நான் கேட்காமலே புளியோதரையில் பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தார்.

“இனுக்காவப் பாக்காமப் போயிட்டீங்களே” என்றார்.

இனுக்கா ஒரு பனிக்கரடி. 1990-இல் இங்கேயே பிறந்தது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி அதுதான். பனிக்கரடியின் ரோமம் உள்ளே குழல்போல இருக்கும். 2004-இல், இந்த ஊரின் ஈர வெக்கையில், அந்தக் குழலுக்குள் பாசி வளர்ந்து இனுக்காவும் தாய் ஷீபாவும் பச்சையாகிவிட்டன. மருந்து போட்டுக் கழுவித்தான் வெள்ளையாக்கினார்கள். பிறகு 2013-இல் அதற்குக் குளிரூட்டிய புது இருப்பிடம் கட்டினார்கள். முதுமையில் மூட்டுவலி. 2018 ஏப்ரல் 25 அன்று மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதித்தவர்கள், இனித் தேறாது என்று கண்டு அப்படியே போகவிட்டார்கள். வயது 27.

“எங்க வீட்ல அன்னிக்கு யாரும் சரியாச் சாப்பிடல” என்றார் அந்த அம்மா. பேரன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இனிப் பனிக்கரடி கொண்டுவருவதில்லை என்று இங்கே முன்பே முடிவெடுத்துவிட்டார்கள். அது சரியான முடிவு என்று நான் உறுதியாக நம்புகிறேன். சருகுமானுக்கும் வௌவாலுக்கும் இந்த வெக்கை தாய்வீடு. பனிக்கரடிக்கு எத்தனை அன்பைக் கொட்டினாலும் பனிக்கடலைக் கொடுக்க முடியாது.

மத்தியானம் பக்கத்திலுள்ள ரிவர் வொண்டர்ஸ் என்ற ஆற்று உயிரினப் பூங்கா. மேக்காங், அமேசான் என்று ஆறு ஆறாக நடந்ததில் கால் ஓய்ந்துவிட்டது. அங்கே கண்ணாடிக்கு அப்பால் கடற்பசு ஒன்று முட்டைக்கோஸ் தின்றதைப் பார்த்தது மட்டும் நினைவில் நிற்கிறது. 2012-இல் சீனாவிலிருந்து வந்த பாண்டாக்களுக்குக் குளிரூட்டிய கூடம். ஒன்று மூங்கிலைப் பிடித்தபடியே தூங்கியது. எல்லாரும் படம் எடுத்தார்கள். எனக்கு எடுக்கத் தோன்றவில்லை.

கதவைத் தள்ளி வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.