பைக்கற்றைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம்

லண்டனில் தேயிலைப் பைக்கற் வாங்கினால் திருப்பிப் பார்க்கிறேன். கருப்புக் கட்டத்துக்குள் நீலமும் பச்சையுமாக, கையுயர்த்திய ஆள்போல ஒரு சின்னம்: ஃபேர்ட்ரேட், அதாவது நியாய வணிகம். 1988-ல் நெதர்லாந்தில், மெக்சிகோ காப்பிக்கு ‘மாக்ஸ் ஹாவலார்’ முத்திரை குத்தியதில் தொடங்கிய கதை. விளைவிப்பவர்களுக்கு விலைக்கு மேல் ‘பிரீமியம்’ என்று தனியாக ஒரு தொகை போகும். தோட்டமென்றால் அதை எதற்குச் செலவழிப்பதென்று தொழிலாளர் பிரதிநிதிகள் முடிவெடுப்பார்கள். கூலியும் அதனாலேயே உயர்ந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள், அது தனி வழக்கு.

என் பாட்டி நுவரெலியாவில் கொழுந்து பறித்தவர். விரலிடுக்குக் கறை கடைசிவரை போகவில்லை.

நேற்று தமிழ்க் கடையில் கேட்டேன், “இந்தச் சின்னம் போட்ட தேயிலை இருக்கா அண்ணா?”

“ஒருத்தரும் கேக்கிறேல்லையே தங்கச்சி.”

அடுத்த கிழமையும் போய்க் கேட்பேன்.